தாகேதா கொட்டகையில் ஒரு மஸ்டாங்: ஐந்தாவது எழுத்தைத் தேடி

யாங்கோனுக்கு இந்த முறை நான் ஊர் பார்க்கப் போகவில்லை. யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்பப் பெறப் போனேன். கடந்த பிப்ரவரியில், மூன்று இரவு, நான்கு பகல். அந்த ஊருக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்கும், வீட்டில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு அது என்ன விலை போகும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கும் இது பயன்படலாம்.

நான் கோவையில் வாகனக் காப்பீட்டு சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது விபத்தில் உடைந்தது, எது ஏற்கெனவே உடைந்திருந்தது என்று எழுதிக் கொடுப்பது தொழில். பழைய கார்கள் மீது தனிப் பைத்தியம் உண்டு. 2019இல் முதல்முறை யாங்கோன் போனபோது, மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய தெருவில் பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க ஒரு கடைக்குப் போனேன். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு, கடைக்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, "எந்த ஊரு நீ?" என்றார். தெருவில் எல்லோரும் கூப்பிடும் பர்மியப் பெயர் "டா தான் தான்". எனக்கு தனலட்சுமி அக்கா. இப்போது அறுபத்து மூன்று வயது. அவருடைய முன்னோர்கள் ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். அன்று தொடங்கிய பழக்கம், போனிலேயே வளர்ந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், யாங்கோனிலேயே தாகேதா பகுதியில் இருக்கும் அவருடைய தம்பி முருகேசன் எனக்கு ஆறு போட்டோ அனுப்பினார். மெக்கானிக்காக இருந்த அவர்களுடைய அப்பா, அறுபதுகளில் ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டு அதிகாரியிடம் வாங்கிய கார். கிரில்லில் ஓடும் குதிரை, அதன் இரண்டு பக்கமும் பனி விளக்கு, பக்கவாட்டில் "ஜி.டி." என்ற மஞ்சள் எழுத்து. ஃபோர்டின் 1966 மஸ்டாங். ஜி.டி. என்பது அதில் விலை கூடிய வேக வகை. (மஸ்டாங்கை, பெரிய எஞ்சின் போட்ட "மஸில் கார்" என்று சொல்லலாமா என்ற சண்டையை தயவுசெய்து கருத்துப் பெட்டியில் தொடங்க வேண்டாம்.) மதிய உணவு இடைவேளையில், ஒரு கையில் டப்பாவோடு, "அடேயப்பா அண்ணே, இது ஜி.டி.யாக இருந்தால் நாற்பதாயிரம் டாலருக்குக்கூடப் போகும்" என்று பதில் போட்டேன்.

அந்த "இருந்தால்" கோவைக்கும் தாகேதாவுக்கும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஜனவரி கடைசியில் அக்கா கூப்பிட்டார். எடுத்த எடுப்பில் அழுகை. "அவன் லாரி பேசிட்டான், சுமதி. வண்டிய மூட்டைக்கு அடியில மறைச்சு தாய்லாந்து எல்லைக்கு கொண்டுபோறானாம். அங்க ஒருத்தன் வாங்குவானாம். வழி நெடுக கேட்டு. ஒவ்வொரு கேட்டுலயும் ஒவ்வொரு ஆளு துப்பாக்கியோட. அந்த ரோட்டுல போனவன் எத்தன பேரு திரும்பி வரல. நான் சொன்னா பொறாமைங்கறான். எட்டு மாசமா என்கூட பேச்சில்ல. நீ சொன்னேன்னுதான் துள்றான், நீயே வந்து இல்லேன்னு சொல்லு."

கேட்டு என்றால் அங்கே சோதனைச் சாவடி. லாரிக்குக் குறித்த நாள் பிப்ரவரி மூன்றாம் வாரச் செவ்வாய்க்கிழமை.

முருகேசன் அண்ணனுக்கு உடனே போன் செய்தேன். நான் சரியாகப் பார்க்காமல் சொன்னது, அது ஜி.டி.யாக இல்லாமலும் இருக்கலாம் என்றேன். "இப்ப பயந்துபோய் மாத்திச் சொல்றீங்க. அக்கா சொல்லிக் குடுத்தாளா?" என்றார். புது போட்டோ கேட்டால் அனுப்பவில்லை. வீடியோ அழைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கடைசியில், "நேர்ல வந்து தொட்டுப் பாத்துட்டு சொல்லுங்க. அப்ப கேக்கறேன்" என்றார். வரமாட்டேன் என்று நினைத்துச் சொன்னது அது.

ஈ-விசா ஐம்பது டாலர், மூன்று வேலை நாளில் வந்தது. நேரடி விமானம் கிடைத்த நாள் எனக்கு ஒத்துவரவில்லை. சென்னை–பாங்காக்–யாங்கோன், போக வர 31,400 ரூபாய். வெள்ளிக்கிழமை மதியம் 2.40க்கு இறங்கினேன். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள். டாலர் நோட்டு மடிப்பில்லாமல், கீறலில்லாமல் இருக்க வேண்டும். என் நூறு டாலர் நோட்டு ஒன்றை ஒரு பேனாப் புள்ளிக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

விமான நிலையத்திலிருந்து மிங்கலா தாங்ஞுன்ட் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். டாக்சி 28,000 ச்சாட், ஒரு மணி பத்து நிமிடம். முன் இருக்கையில் உட்காருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முந்தும்போது ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்த நாம்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் ஓட்டுநர் ஆங்கிலத்தில், "பஸ் வருகிறதா?" என்றார். வருகிறது என்றேன். "பெரிய பஸ்ஸா?" என்றார். அதற்குமேல் நான் கண்ணை மூடிக்கொள்ளவே இல்லை.

அக்கா என்னை ஓட்டலில் தங்க விடவில்லை. கடைக்கு மேலேயே அவர் வீடு. மின்சாரம் இல்லாததால் ஜெராக்ஸ் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. ஐந்தேகாலுக்குத் தெரு முழுவதும் "மீ லாபி!" என்று கத்தியது. மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அக்கா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மெஷினிடம் ஓடினார், ஒரு கட்டுக் காகிதத்தை அடித்துத் தள்ளிக்கொண்டே மீதியைச் சொன்னார்.

"2011ல பழைய வண்டியக் குடுத்தா புது வண்டி எறக்க கவர்மென்ட்டு பெர்மிட் குடுத்துச்சு இல்ல, அப்ப இதையும் குடுத்துடலாம்னு இவன் நின்னான். நான்தான் மறிச்சேன். அப்பா வண்டி, இருக்கட்டும்டான்னு. நான் மறிக்காம இருந்திருந்தா இன்னைக்கு இந்த வினையே இல்ல." காகிதத்தைத் தட்டி அடுக்கினார். "இவன் மகன் தெட்டு பாங்காக் பக்கம் மீன் கம்பெனியில இருக்கான். அவனுக்கு அங்க ஒரு கட போட்டுக் குடுக்கணும், பக்கத்துல போய் இருக்கணும். அதான் இவனுக்கு எண்ணம். காசாச இல்ல, சுமதி. அது எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டி உண்மையிலேயே ஜி.டி.யாக இருந்தால் என்ன செய்வது? பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையைச் சொன்னால் அந்த ஆள் செவ்வாய்க்கிழமை லாரியில் ஏறிவிடுவார். இருபத்தோரு வருட சர்வேயில் ஒரு வண்டி மட்டமாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

சனிக்கிழமை காலை 7.30க்குக் கிளம்பினேன். மொஹிங்கா ஒரு கிண்ணம் 3,000 ச்சாட். மீன் குழம்பில் சேமியா போட்டது மாதிரி இருக்கும், தயங்காமல் சாப்பிடுங்கள். பசுந்தாங் ஓடைப் பாலத்துக்கு முன்னால் ஒரு பெயின்ட் கடையில், பழைய பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் ஒரு பாட்டில் 6,000. விமானத்தில் கொண்டுவர முடியாத ஒரே கருவி அதுதான். டார்ச், காந்தம், கம்பி பிரஷ், சாக்பீஸ், சிறு கண்ணாடி எல்லாம் பெட்டியில் இருந்தன. தாகேதாவுக்கு டாக்சி 9,000, முப்பத்தைந்து நிமிடம்.

முருகேசன் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. லைங் தாயாவில் ஒரு தையல் ஆலைக்கு ஃபெர்ரி ஓட்டுகிறார். தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு அங்கே அப்படிப் பெயர். எல்லைப் பயணத்துக்காக முன்கூட்டியே விடுப்பு எடுத்திருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நெசமாவே வந்துட்டீங்களா, தங்கச்சி?"

"வரச் சொன்னீங்களே அண்ணே."

அவர் மனைவி மா கின் பர்மியர். தமிழ் தெரியாது. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கார் நிற்கும் கொட்டகை வாசலிலேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். வீட்டுக்குள் பார்த்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பை, ஜிப் போட்டுத் தயாராக இருந்தது.

தார்ப்பாயை அண்ணன் தானே விலக்கினார். சிவப்பு வண்டி. "யாங்கோன்லயே ஸ்டியரிங் சரியான பக்கம் இருக்கற வண்டி இது," என்றார். உண்மைதான். இடப்பக்க ஸ்டியரிங்கோடு இது வந்தபோது ஊர் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 1970இல் ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாறியது. அதுவரை தப்பான பக்கம் ஸ்டியரிங் வைத்திருந்த இந்தக் கார் ஒன்றும் செய்யாமலே சரியாகிவிட்டது.

நான் முதலில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். நான்கு நட்டு. அந்த வருட மஸ்டாங்கில் எட்டு சிலிண்டர் என்றால் சக்கரத்துக்கு ஐந்து நட்டு, ஆறு சிலிண்டர் என்றால் நான்கு. ஜி.டி. எட்டு சிலிண்டரில் மட்டுமே வந்தது. எனக்கு நெஞ்சு லேசாகியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அறுபது வருட வண்டியில் சக்கரம், அச்சு எது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். ஒருமுறை அவசரப்பட்டது போதும்.

பானட்டைத் தூக்கினால் உள்ளே ஜப்பான் பிக்கப்பின் டீசல் எஞ்சின். "எண்பதுகள்ல அப்பா மாத்துனது. அதுக்கு முந்தி பெரிய எஞ்சின்தான் இருந்துச்சு," என்றார் அண்ணன். பெரியது என்றால் எத்தனை சிலிண்டர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

ஆக, எஞ்சின் சாட்சி சொல்லாது. உடம்பில் பொறித்த எண்தான் சொல்ல வேண்டும். ஓட்டுநர் பக்கம், முன் சக்கரத்துக்கு மேலே உள்ள உட்தகட்டில் அது இருக்கும். முதல் இலக்கம் வருடம், இரண்டாவது ஆலை, அடுத்த இரண்டும் உடம்பின் வகை. ஐந்தாவதாக வரும் எழுத்துதான் எஞ்சின். அண்ணன் இதையெல்லாம் எனக்கு முன்பே படித்து வைத்திருந்தார். "கே எழுத்து வந்தா அதுதான் எல்லாத்துலயும் ஒசத்தி, இல்லியா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

நான்கைந்து அடுக்குப் பெயின்ட். தின்னரைத் துணியில் நனைத்து வைத்து, பத்து நிமிடம் காத்து, பிரஷால் தேய்த்தேன். சிவப்புக்கு அடியில் பச்சை, அதற்கு அடியில் வெள்ளை. தகரக் கூரையின் கீழ் வேர்வை கண்ணில் இறங்கியது. முதலில் 6 தெரிந்தது. பிறகு ஆர், கலிஃபோர்னியா ஆலை. பூஜ்யம், ஏழு; இரண்டு கதவு, கெட்டிக் கூரை. அதற்கடுத்து ஒரு செங்குத்துக் கோடு மட்டும் மேலே வந்தது.

"கே," என்றார் அண்ணன் என் தோளுக்குப் பின்னாலிருந்து. மூச்சு என் காதில் பட்டது. "கே தங்கச்சி. பாருங்க, நேர் கோடு."

கே எழுத்தும் நேர் கோட்டில்தான் தொடங்கும். இதற்குமேல் தேய்க்காமல் எழுந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பின்னால் மா கின் பர்மியில் ஏதோ மெதுவாகக் கேட்டார். மறுபடி தின்னர் விட்டேன். பிரஷை வைத்துவிட்டு விரலாலேயே துடைத்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். குழியில் வெள்ளை இறங்கியது. கோட்டின் வலப்பக்கத்தில் எதுவும் இல்லை. தலைமேல் ஒரு படுக்கைக் கோடு.

டி. ஆறு சிலிண்டர். அந்த வருடத்தில் வந்ததிலேயே மலிவான எஞ்சின்.

நான் தள்ளி நின்று டார்ச்சை அவரிடம் கொடுத்தேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "தகட மாத்தியிருக்கலாம் இல்ல?" என்றார். குரலில் பழைய வேகம் இல்லை. கதவின் பின் ஓரத்தில் ஆணியடித்த சின்னத் தகட்டையும் சுத்தம் செய்து காட்டினேன். அதே எண். அதன்படி ஆலையில் அடித்த நிறம் வெள்ளை, உள்ளே சாதாரணக் கறுப்பு இருக்கை, மூன்று கியர். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய எதுவும் அந்த வண்டியில் இல்லை. பனி விளக்கின் கண்ணாடியில் ஜப்பானிய எழுத்து, லாரியிலிருந்து எடுத்தது. ஜி.டி. எழுத்தை ஸ்க்ரூ கழற்றித் திருப்பினேன். பித்தளைத் தகட்டில் ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டது. பின்பக்கம் அரக் கோடுகள் அப்படியே இருந்தன.

அண்ணன் அதைக் கையில் வாங்கித் தடவினார். "அப்பா கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவாரு இந்த வண்டிய," என்றார். "பாக்க ஜோரா இருக்கணும்னு மாட்டியிருப்பாரு."

"என் தப்பு அண்ணே. நான் போட்டோவ வெச்சு சொல்லியிருக்கக் கூடாது. அமெரிக்காவுல இந்த நிலைமையில இதுக்கு நாலஞ்சாயிரம் டாலர் குடுத்தா பெரிசு. இங்க ஓடற ஒரு பழைய ஜப்பான் சின்னக் காருக்கு இதவிட அதிகம் குடுப்பாங்க. எல்லைக்குக் கொண்டுபோற செலவுக்கே பத்தாது."

அவர் பம்பர் மேல் உட்கார்ந்தார். அழப் போகிறார் என்று பயந்தேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "எனக்கு அந்த ரோட்ட நெனச்சாலே பயம், தங்கச்சி," என்றார். "யார்கிட்டயும் சொல்லல. இவ்வளவு பெரிய பணம் கைல இருந்தும் பயந்து கெடந்தா, அவன் என்ன அப்பன்? அதான் போறேன்னு நின்னேன்." துண்டை மடித்துக்கொண்டே, "இப்ப போக வேணாம் இல்ல?" என்று கேட்டார், என்னிடம் அனுமதி கேட்பதுபோல.

"வேணாம் அண்ணே."

மனைவியிடம் பர்மியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மா கின் உள்ளே போனார். நீலப் பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. மடித்து வைத்த சட்டைகளை, பர்மிய லுங்கியான லொஞ்ஜிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, கம்பியில் மாட்டத் தொடங்கினார். கடைசிச் சட்டையை மாட்டியபின் அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். நான் தேநீர்க் கோப்பையைத் தேடினேன். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் முழுவதையும் குடித்தேன்.

லாரிக்காரருக்கு அண்ணன் அங்கேயே போன் செய்து வேண்டாம் என்றார். பிறகு என்னோடு டாக்சியில் ஏறினார். மிங்கலா தாங்ஞுன்ட் போய் இறங்கினோம்.

கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதத்துக்குப் பின் தம்பியைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "சட்டையில என்னடா கறை?"

"தின்னர்."

"என்ன தேறும் வண்டி?"

"ஒன்னோட ஜெராக்ஸ் மெஷின் மாதிரி ரெண்டு வாங்கலாம். பழசா."

அக்கா சிரிக்கவில்லை. "செவ்வாக்கிழம?" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார், இல்லை என்று. அக்கா திரும்பி மெஷின் பக்கம் பார்த்துக்கொண்டு, வாடிக்கையாளரின் காகிதத்தைத் தலைகீழாக வைத்து அடித்தார். அப்புறம் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. மதியம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அண்ணன் மூன்றுமுறை சோறு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் தூங்கினேன். அதனால் பகோடாக்கள் பற்றி இந்தப் பதிவில் எதுவும் இல்லை.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரிவரை வெயில் தாங்கும். யாங்கோன் நகருக்குள் பகலில் நடமாட எனக்குச் சிரமம் இருக்கவில்லை, ஆனால் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைப் பயணம் போடும் முன் அங்கேயே வசிக்கிறவர்களைக் கேளுங்கள், இணையத்தைக் கேட்காதீர்கள். வங்கி அட்டை எங்கும் செல்லாது, பணமாக வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் இரண்டு வேண்டும். பாஸ்போர்ட் நகல் ஐந்தாறு கையில் இருக்கட்டும். எங்கே எடுப்பது என்று எனக்கு எழுதிக் கேட்டால் சொல்கிறேன்.

கார் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சின்னம், விளக்கு, பட்டை, இருக்கை எல்லாவற்றையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் மாற்றிவிடலாம். உடம்பில் பொறித்த எண்ணையும் கதவுத் தகட்டையும் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். போட்டோவை வைத்து விலை சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நானும் இனிமேல் சொல்லப் போவதில்லை. நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு தொகை, ஒரு மனிதரைத் துப்பாக்கிகளுக்கு நடுவே அனுப்பப் பார்த்தது. அவர் நல்லபடியாக வீட்டில் இருக்கிறார் என்பதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் யாரோ ஒருவர் மலிவான வண்டியை வாங்கியிருந்தார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை விமானம். பாங்காக்கில் ஆறரை மணி நேரம் காத்திருப்பு. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதால் வெளியே வந்தேன், வரிசையில் ஐம்பது நிமிடம். மா கின் மகனுக்குக் கொடுத்தனுப்பிய, பர்மியர்கள் விரும்பித் தின்னும் ஊறவைத்த தேயிலைப் பொட்டலம் என்னிடம் இருந்தது. நான்காம் எண் வாசலில் அண்ணன் மகன் தெட்டு நின்றிருந்தான். இருபத்து நான்கு வயது, அப்பாவின் அதே நெற்றி. அரைநாள் விடுப்பு எடுத்து, பஸ் மாறி வந்திருக்கிறான். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச்சு தட்டித் தடுமாறித்தான் வரும்.

"அத்த. கார்... நல்ல காரா?"

"சாதாரண கார்தான்பா."

"அப்பா?"

"வீட்ல இருக்கார். இன்னைக்குக் காலைல ஃபெர்ரி எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டார்."

"ரோட்டுக்கு... போகல?"

"போகல. போகவும் மாட்டார்."

அவன் அங்கிருந்த தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். பயணிகள் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் பையை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினான்.